உஷார்! கரண்ட் வைத்த கழுத்தைச் சுளுக்கென்று பிடித்து இழுக்காதீர்கள்

வாய்ப் புற்றுக்கோ தொண்டைப் புற்றுக்கோ ஆறேழு வாரம் 'கரண்ட்' (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துக்கொண்டு போடிக்கும் மலையடிவாரத்துக்கும் திரும்பியவர்கள் கவனிக்கவும். சில மாதம் கழித்தோ, சில வருஷம் கழித்தோகூட கழுத்து இறுக ஆரம்பிக்கலாம். தோல் பலகையாக விறைக்கும், தலை முன்னால் இழுக்கும், பக்கவாட்டில் திரும்பாது. உடனே வீட்டில் என்ன சொல்வார்கள்? "சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவி ஒரு வெட்டு வெட்டினால் சரியாகிடும்."

வேண்டாம்! அது சுளுக்கே இல்லை.

கதிர்வீச்சு புற்றணுவோடு சேர்த்துத் தோலுக்கும் தசைக்கும் ரத்தம் கொடுக்கிற மெல்லிய குழாய்களையும் கெடுக்கிறது. அந்த இடத்தில் நாளடைவில் தழும்புத் திசு பின்னிக்கொள்கிறது. நெறிக்கட்டிகளை எடுக்கும் ஆபரேஷனும் நடந்திருந்தால் தோள் நரம்பு பாதிக்கப்பட்டு ஒரு பக்கத் தோள் தொங்கியும் போகலாம். இந்தக் கழுத்தில் தோலுக்குச் சுரணை குறைவு. ஒத்தடச் சூடு சுட்டாலும் தெரியாது, புண்ணானால் மாதக்கணக்கில் ஆறாது. உள்ளே மூளைக்குப் போகிற பெரிய ரத்தக்குழாயின் சுவரும் வலுவிழந்திருக்கலாம். அது கிழிவது அரிதுதான். கிழிந்தாலோ, தேனியைத் தாண்டிக் க.விலக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர அவகாசம் இருக்காது.

பொறுத்துக்கொண்டு போகலாம் என்பவர்களுக்கு ஒன்று. ஏலத்தோட்ட வேலையை நினைத்துப் பாருங்கள். ஏலச்செடியில் காய் மேலே காய்ப்பதில்லை. தூரிலிருந்து தரையோடு படரும் சரத்தில் காய்க்கிறது. சரிவில் குனிந்து, தழையை ஒதுக்கி, விளைந்த காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். திரும்பாத கழுத்தோடு அதை எப்படிச் செய்வது? போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவருக்கு இது வந்தால் ஆபத்து அவருக்கு மட்டுமல்ல.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: நோய் திரும்பி வந்திருக்கிறதா? புதிதாக இறுக்கம், கட்டி, வலி என்றால் சிகிச்சை கொடுத்த டாக்டரிடம்தான் முதலில் போக வேண்டும். இல்லை என்று உறுதியானபின் பிசியோதெரபி. கரண்ட் வைக்கும் நாளிலேயே கழுத்து, தோள், வாய்ப் பயிற்சியைத் தொடங்குவது இன்னும் நல்லது.

அதிலும் அசையாத கழுத்துக்கு ஆபரேஷன் உண்டு. இதுதான் பலருக்குத் தெரிவதில்லை. விறைத்த தழும்பை அறுத்து விடுவித்து, அந்த இடத்தில் கதிர் படாத நல்ல சதையை அதன் ரத்தக்குழாயோடு வைக்கிறார்கள். நெஞ்சுத் தசையை இப்படி மேலே திருப்பிப் பொருத்தும் முறையை 1979-ல் அமெரிக்க சர்ஜன் ஸ்டீபன் ஆரியன் எழுதிவைத்தார். இன்று தொடையிலிருந்து சதை எடுத்து, மைக்ரோஸ்கோப் வழியாகக் கழுத்துக் குழாயோடு தைப்பதும் நடக்கிறது. தலை நிமிரலாம், இழுப்பும் வலியும் குறையலாம். பழைய கழுத்தே திரும்பக் கிடைக்கும் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். விழுங்கும் சிரமம் இதனால் தீராமலும் போகலாம்.

இதிலும் உஷார்! கதிர் பட்ட இடத்தில் வெறும் தோலை ஒட்டினால் சரியாகப் பிடிக்காது, மறுபடி சுருங்கும். புற்று சர்ஜனும் பிளாஸ்டிக் சர்ஜனும் சேர்ந்து பார்க்கிற பெரிய ஆஸ்பத்திரியே சரி. மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், இந்த ஆபரேஷன் அதில் வருமா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் வெற்றிலை பாக்கு, புகையிலை, பீடி எதுவும் கூடாது. புகையிலை ரத்தக்குழாயைச் சுருக்கும், வைத்த சதை அழுகிவிடலாம். புகையிலை போடாத வெறும் பாக்கும் புற்று உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிவித்துவிட்டது. குட்கா தடை வந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது, வாய் ஓயவில்லை.

கரண்ட் வைத்த சீட்டைத் தொலைக்காதீர்கள். பல் பிடுங்கப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். தாடை எலும்பே செத்துப்போகிற அபாயம் உண்டு. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்றாலும் மயக்க டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். கழுத்து நிமிராத, வாய் திறக்காத ஆளுக்கு மூச்சுக்குழாய் போடுவது கஷ்டம், அதற்கு டாக்டர் முன்கூட்டியே தயாராக வேண்டும்.