சிறப்புக் கருவி வாங்குமுன் ஒரு கணக்கு

செகந்திராபாத் ராணிகஞ்ச் கடைவீதிக்கு ஸ்பேனர் வாங்கச் செல்லும் கார் மெக்கானிக்கின் கண்ணில், ஒரே வகை வேலைக்கு மட்டும் பயன்படும் சிறப்புக் கருவிகளும் படும். ஸ்பேனர் அன்றாடம் கைக்கு வருவது. அதன் விலையைப் பற்றி நெடுநேரம் யோசிக்கத் தேவையில்லை. சிறப்புக் கருவியோ மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கக்கூடும். அதில் முடங்கும் பணம், சிறு பட்டறையின் ஒரு மாத வாடகையாகவோ ஊழியரின் ஊதியமாகவோ இருக்கலாம். எனவே வாங்குமுன் போட வேண்டிய கணக்கை இங்குப் பார்ப்போம்.

இன்று பட்டறைகளில் அதிகம் பேசப்படும் கருவி ஸ்கேனர். ஹைதராபாத்தில் 2010 ஏப்ரலிலேயே பாரத் ஸ்டேஜ் 4 புகைத்தரம் நடைமுறைக்கு வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 கட்டாயமாயிற்று. இத்தரங்களோடு, எஞ்சின் கோளாறுகளைக் குறியீடாகப் பதிவு செய்யும் ஓ.பி.டி. அமைப்பும் கார்களில் இடம்பெற்றது. அக்குறியீட்டைப் படிக்க ஸ்கேனர் தேவை.

ஒரு ஸ்கேனரின் விலை ரூ.50,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டுக்குப் பின் மென்பொருள் புதுப்பிப்புக்கு ஆண்டுக்கு ரூ.6,000 வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு ரூ.12,000 ஆகும். மூன்றாண்டு முடிவில் அதனை ரூ.8,000-க்கு விற்கலாம் எனில், நிகரச் செலவு ரூ.54,000, அதாவது மாதம் ரூ.1,500. ஒரு காரைச் சோதிக்க ரூ.300 பெற்றால், மாதம் 5 கார்கள் வந்தால்தான் முதல் தேறும். ஆறாவது காரிலிருந்தே ஆதாயம் தொடங்கும்.

இக்கணக்கில் முக்கியமானது விலையன்று, வரும் கார்களின் எண்ணிக்கை. அதனை ஊகமாகச் சொல்லக்கூடாது. கடந்த மூன்று மாத வேலைப் பதிவேட்டைப் புரட்டி, இக்கருவி இல்லாததால் எத்தனை கார்களைத் திருப்பி அனுப்பினோம், எத்தனை முறை வெளியில் பணம் கொடுத்துச் சோதித்தோம் என்று எண்ண வேண்டும். பதிவேடு இல்லாதவர்கள் இன்றே ஒன்றைத் தொடங்கி, மூன்று மாதம் கழித்து முடிவெடுப்பது நல்லது.

கருவி எத்தனை வகைக் கார்களுக்குப் பொருந்தும் என்பதையும் கேட்டறிய வேண்டும். விலை குறைந்த ஸ்கேனர்கள் பல, எஞ்சின் குறியீடுகளை மட்டுமே காட்டும், ஏர்பேக், ஏ.பி.எஸ். ஆகியவற்றைப் படிக்கமாட்டா. டைமிங் பூட்டுக் கருவி குறிப்பிட்ட எஞ்சின்களுக்கே பொருந்தும். ஆகவே, தம்மிடம் அடிக்கடி வரும் கார்களின் பட்டியலோடு கடைக்குச் செல்வது பயன் தரும். எப்போதேனும் தேவைப்படும் கருவியை வாடகைக்கு எடுக்கலாம். அல்லது அருகிலுள்ள இரண்டு மூன்று பட்டறைகள் சேர்ந்து வாங்கலாம்.

பாதுகாப்பு தொடர்பான கருவிக்கு இக்கணக்கு மட்டும் போதாது. சஸ்பென்ஷன் சுருளை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரசர் இல்லாமல் அவ்வேலையில் இறங்கினால், அழுத்தத்திலிருந்து விடுபடும் சுருள் உயிருக்கே ஆபத்தாகலாம். கருவி கட்டுப்படியாகாவிட்டால் வேலையை வேறு பட்டறைக்கு அனுப்புவதே முறை. கம்பியும் கயிறும் மாற்றாகா.

சொந்தக் காரைத் தாமே பராமரிக்கும் வாடிக்கையாளருக்கும் இதே அளவுகோல்தான். சக்கர நட்டுகளைச் சரியான இறுக்கத்தில் பொருத்த உதவும் டார்க் ரென்ச், சக்கரம் கழற்றும் ஒவ்வொரு முறையும் பயன்படும், வாங்கலாம். காரின் ஆயுளில் ஓரிரு முறை மட்டும் தேவைப்படும் ஸ்பிரிங் கம்ப்ரசரை வாங்குவதைவிட அவ்வேலையைப் பட்டறையிடம் விடுவது சிக்கனம்.

கடன் பெற்று வாங்குவோர் வட்டியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேற்சொன்ன ரூ.50,000-ஐ ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் 36 மாதத் தவணையாகப் பெற்றால், வட்டி மட்டும் ஏறத்தாழ ரூ.9,800 ஆகும். அப்போது மாதம் 5 கார்கள் போதா, 6 தேவை. கார் வராத மாதத்திலும் தவணை நாள் தவறாமல் வரும் என்பதையும் மறத்தலாகாது. பட்டறை நடத்துவோர், 2015-இல் தொடங்கப்பட்ட முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் ரூ.50,000 வரை சொத்துப் பிணையின்றிக் கடன் கோரலாம்.

வாங்கும்போது உரிய ரசீதைக் கேட்டுப் பெறுங்கள். உத்தரவாதத்திற்கும் கடன் ஆவணத்திற்கும் அது தேவைப்படும். ஜி.எஸ்.டி. வழக்கமான முறையில் பதிவு செய்தவர்கள், செலுத்திய வரியை விதிகளுக்கு உட்பட்டு உள்ளீட்டு வரவாகவும் பெறலாம். கடன் கேட்டு வங்கிக் கிளைக்கு வரும்போது, விலைப்பட்டியலோடு அந்த மூன்று மாத வேலைப் பதிவேட்டையும் கொண்டு வாருங்கள். எவ்வளவு கடன் தேவை, எத்தனை மாதத் தவணை தாங்கும் என்பதை அதனைக் கொண்டே அலுவலரோடு அமர்ந்து கணக்கிட்டுவிடலாம்.