அளவுகோல் யார் கையில்?



வகுப்பில் அறிவியல் சோதனை செய்யும் நாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நான்கைந்து பேர் ஒரு குழுவாக உட்கார்ந்திருப்பீர்கள். காந்தத்தைக் கையில் எடுப்பது யார்? தராசில் எடைக்கல் வைப்பது யார்? நோட்டில் எழுதுவது யார்? சோதனை முடிந்ததும் பாத்திரங்களைக் கழுவி வைப்பது யார்?

பல ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தியபோது, நான் அடிக்கடி பார்த்தது இதுதான்: கருவி பையன்கள் கையில் இருக்கும், பென்சில் பெண் பிள்ளைகள் கையில் இருக்கும். "உன் கையெழுத்துதான் அழகா இருக்கு, நீயே எழுது" என்று சொல்லிவிடுவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால், நீச்சலைப் பற்றி நோட்டில் எழுதினால் நீந்த வருமா? அறிவியலும் அப்படித்தான். தொட்டு, அளந்து, தவறினால் மறுபடி செய்து பார்த்தால்தான் வரும். நான்காம் வகுப்பில் தெர்மாமீட்டரைத் தொடாத பெண், பெரிய வகுப்புக்குப் போனதும், "எனக்கு சயின்ஸ் வராது" என்பாள். வராமல் இல்லை, அவள் கையில் யாரும் தரவில்லை, அவ்வளவுதான்!

கருவியைத் தன் கையில் எடுத்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

வானிலையை அளந்தவர்

அன்னா மணி 1918-ஆம் ஆண்டு, இன்றைய கேரளத்தில் உள்ள பீர்மேட்டில் பிறந்தார். எட்டாவது பிறந்த நாளுக்கு வீட்டார் வைரக் கம்மல் கொடுத்தார்கள். அவரோ, "கம்மல் வேண்டாம், கலைக்களஞ்சியம் வாங்கிக் கொடுங்கள்" என்றார்!

சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பிறகு, பெங்களூரில் சர் சி.வி.ராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கக் கற்களை ஆராய்ந்தார். ஆனால், எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று கூறி, அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. அவர் சோர்ந்து போகவில்லை. 1945-ல் லண்டன் சென்று, வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார். 1948-ல் திரும்பி வந்து, புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார்.

அப்போது நாம் சாதாரணக் கருவிகளைக்கூட வெளிநாட்டிலிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தோம். அவற்றை நம் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று அன்னா மணி உழைத்தார். ஏறக்குறைய 100 கருவிகளுக்குச் சரியான வரைபடங்களைத் தயாரித்தார். 1953-ல் அந்தப் பிரிவுக்கே தலைவரானார். 121 ஆண்கள் அவருக்குக் கீழே வேலை பார்த்தார்கள். துறையின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து, 1976-ல் ஓய்வு பெற்றார். 2001-ல் மறைந்தார்.

அவர் தலைவரானது குரலை உயர்த்தியதால் அல்ல. அவர் அளந்தால் சரியாக இருக்கும் என்று எல்லோரும் நம்பியதால்தான்!

நீங்களும் மழையை அளக்கலாம்

பக்கங்கள் நேராக உள்ள பெரிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எடுங்கள். பெரியவர்கள் உதவியோடு கழுத்துக்குக் கீழே வெட்டுங்கள். மூடியைக் கழற்றிவிட்டு, மேல் துண்டைக் கவிழ்த்துப் புனல் போல் உள்ளே வையுங்கள். அடியில் கொஞ்சம் கூழாங்கற்கள் போட்டு, பக்கம் நேராகத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேல் வரை தண்ணீர் ஊற்றுங்கள். கற்கள் தண்ணீருக்கு மேலே தெரியக் கூடாது. அங்கே ஒரு கோடு போடுங்கள். அதுதான் பூஜ்யம். அந்தக் கோட்டில் ஸ்கேலின் 0 பொருந்தும்படி ஒட்டுங்கள்.

மரமும் கூரையும் இல்லாத வெட்டவெளியில், செங்கற்களுக்கு நடுவே சாயாமல் வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்குப் பாருங்கள். நம் நாட்டு வானிலை நிலையங்களிலும் அந்த நேரத்தில்தான் முந்தைய 24 மணி நேர மழையைக் கணக்கிடுகிறார்கள். பார்த்து எழுதியதும், தண்ணீரைப் பழையபடி பூஜ்யக் கோட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.

1 மில்லிமீட்டர் மழை என்றால், 1 சதுர மீட்டர் இடத்தில் 1 லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று பொருள். 50 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் எத்தனை லிட்டர்? 1,000 லிட்டர்!

முறை மாற்றுங்கள்

பள்ளியில் செய்வதானால் மூன்று வேலைகள்: ஒருவர் அளக்க வேண்டும், ஒருவர் எழுத வேண்டும், ஒருவர் மறுபடி அளந்து சரிபார்க்க வேண்டும். வாரந்தோறும் முறை மாற வேண்டும். சனிக்கிழமை, அளந்தவரே வகுப்பின் முன் நின்று சொல்ல வேண்டும். கழுவி வைப்பது எல்லோருக்கும் பொது.

தம்பிகளே! உங்கள் முறை முடிந்ததும் ஸ்கேலை அடுத்தவர் கையில் கொடுங்கள். அவர் தடுமாறினால் பிடுங்காதீர்கள், பொறுங்கள்.

தங்கைகளே! யாராவது கொடுப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். "இந்த வாரம் என் முறை" என்று கேட்டு வாங்குங்கள். யாராவது "உன் அளவு தப்பு" என்றால், அழ வேண்டாம், சண்டையும் வேண்டாம். "வா, சேர்ந்து அளப்போம்" என்று கூப்பிடுங்கள். அதற்குப் பெயர்தான் தலைமை.

அடுத்த மழைக்குள் பாட்டிலைத் தயார் செய்துவிடுங்கள், சரியா?