துருவி சிறு பொருள்தான். கடையின் பெயர் பெரிது

மளிகைக் கடையில் துருவிக்கு என்ன வேலை என்று கேட்கும் வணிக நண்பர்கள் உண்டு. மாத மளிகை வாங்க வரும் தாய்மார்கள், துருவி கண்ணில் பட்டால் அதையும் சேர்த்து வாங்கிப் போகிறார்கள். நாலு ஆணியில் மாட்டினால் போதும். இடத்தை அடைக்காது, பூச்சி அரிக்காது. ஆனால் கொள்முதலில் கவனம் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், விலை மலிவாக இருக்கிறதே என்று பத்து டஜன் துருவிகளை எடுத்து, நெல்லிக்குப்பம், பண்ருட்டி, நெய்வேலிக் கடைகளுக்கு அனுப்பினேன். பளபளவென்று இருந்தன. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தீபாவளி கழிந்து ஒரு மாதத்தில் நெய்வேலி நகரியத்துச் சில்லறை வணிகர் ஒருவர் இரண்டு துருவிகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தார். பல்லெல்லாம் துரு.

"அண்ணே, இதைத் திருப்பிக் கொடுத்த அம்மா, மாத மளிகையையும் வேறு கடைக்கு மாத்திட்டாங்க" என்றார்.

துருவியில் அவருக்குக் கிடைத்தது ஐந்து ரூபாய். போனது ஒரு குடும்பத்தின் மாத வியாபாரம். எல்லாக் கடைகளிலிருந்தும் மீதிச் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

காந்தத்தை மட்டும் நம்பாதீர்

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்பது நம்மிடையே உள்ள கணக்கு. அது முழு உண்மை அல்ல. 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 200 வரிசை ரகங்களிலும் அப்படியே; ஆனால் துருவைத் தாங்கும் சக்தி குறைவு. 430 ரகத்தில் காந்தம் ஒட்டும், அதுவும் எவர்சில்வர்தான். முலாம் பூசிய இரும்பிலும் ஒட்டும். அதில் பல் முனையில்தான் முலாம் முதலில் தேயும். துருவும் அங்கே தொடங்கும்.

இப்போது நான் செய்வது இதுதான். புதுச் சரக்கில் ஒன்றை எடுத்து, உப்புநீரில் நனைத்த துணியைச் சுற்றி இரண்டு நாள் வைக்கிறேன். செம்புள்ளி கண்டால் சரக்கு வேண்டாம். பற்கள் ஒரே சீராக நிற்கின்றனவா, தகடு அழுத்தினால் வளைகிறதா, கைப்பிடி ஆடுகிறதா, ஓரம் மடிக்கப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்கவும்.

பெயரில்லாச் சரக்கு ஆபத்து

உறையில் அடைத்து வரும் துருவியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. பழுதான பொருளால் தீங்கு நேர்ந்து, தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால், விற்ற நம் மீதே பொறுப்பு விழலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. பில் இல்லாத சரக்கைத் தொடாதீர்கள்.

வாங்குவோருக்குச் சொல்ல வேண்டியவை

கேரட், பீட்ரூட், மாங்காய்க்குப் பெரிய ஓட்டை. இஞ்சி, ஜாதிக்காய்க்குச் சிறியது. அடியில் ஈரத்துணி விரித்தால் தட்டு நகராது. காய் கடைசி ஒரு அங்குலம் வந்ததும் நிறுத்திவிட்டு, மீதியைக் கத்தியால் நறுக்கச் சொல்லுங்கள். விரல் சீவிக்கொள்வது அந்தக் கடைசித் துண்டில்தான். பொங்கலுக்கு வெல்லம் துருவும் முன் ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் பிசுக்கு ஒட்டாது.

துருவியதும் காயவிடாமல், பின்பக்கமிருந்து தண்ணீர் விட்டு, பிரஷ்ஷால் பல் போகும் திசையிலேயே தேய்த்துக் கழுவ வேண்டும். மற்றப் பாத்திரங்களோடு தொட்டியில் போட்டு வைத்தால் கையைக் கிழிக்கும். துடைத்து ஆணியில் மாட்டினால் பல ஆண்டு உழைக்கும்.

இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே நம் கடைக்குத் திரும்பி வருபவர்கள் இருக்கிறார்கள். துருவி விற்றாலும், துவரம்பருப்பு விற்றாலும் நாணயம் ஒன்றுதான்.