காலியாக இருந்த ஓர் இடமும் நமது அரசியல் சாசனமும்

உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் குடியிருக்கும் நம்மவர்களில் ஒரு பகுதியினர், குறிப்பாக மார்சிலிங் பக்கம் வசிப்போர், மார்சிலிங் - இயூ டீ குழுத்தொகுதியின் வாக்காளர்கள் ஆவர். 2015ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அத்தொகுதி மக்கள் நால்வரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பி வைத்தனர். அவர்களுள் ஒருவரான திருவாட்டி ஹலிமா யாக்கோப், அதிபர் தேர்தலில் போட்டியிடுவதற்காக 2017 ஆகஸ்ட் மாதம் நாடாளுமன்ற நாயகர் பதவியையும் உறுப்பினர் பதவியையும் துறந்தார். அடுத்த மாதமே போட்டியின்றி அதிபரானார். ஆனால் அவர் விட்டுச்சென்ற இடத்திற்கு இடைத்தேர்தல் நடைபெறவில்லை. 2020 ஜூலையில் பொதுத்தேர்தல் வரும் வரை, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், நால்வர் இருக்க வேண்டிய தொகுதியில் மூவரே இருந்தனர்.

"மின்தூக்கி ஓடுகிறது, குப்பை அள்ளப்படுகிறது, மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சியும் வாராவாரம் நடக்கிறது; இதில் பேச என்ன இருக்கிறது?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. அரசியல் சாசனம் என்றாலே வழக்கறிஞர்களுக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் உரியது என்று ஒதுங்கிக்கொள்வது நமது பழக்கமாகிவிட்டது. உண்மையில், அரசாங்கத்தின் உறுப்புகள் எவை, அவற்றின் எல்லை எதுவரை, குடிமகனின் உரிமைக்கு யார் காவல் என்னும் மூன்று கேள்விகளையும் இந்த ஒரு காலியிடத்தை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

முதலில் சாசனத்தின் பிறப்பைச் சற்றுப் பார்ப்போம். இந்தியாவைப்போல் அரசமைப்பு மன்றம் ஒன்றைக் கூட்டி, ஆண்டுக்கணக்கில் விவாதித்து எழுதப்பட்டது அன்று நமது சாசனம். 1965 ஆகஸ்ட் 9ஆம் நாள் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது நம் கையில் இருந்தது 1963ஆம் ஆண்டின் மாநில அரசமைப்பு ஒன்றுதான். அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் தேதி நாடாளுமன்றம் சிங்கப்பூர்க் குடியரசின் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றி, மலேசிய சாசனத்தின் சில பகுதிகளையும் சேர்த்துக்கொண்டது. அடிப்படை உரிமைகள் அந்த வழியாகவே நமக்கு வந்து சேர்ந்தன. சொத்துரிமையைப் பற்றிய மலேசியப் பிரிவு மட்டும் விடப்பட்டது. குடியிருப்புகளுக்கும் சாலைகளுக்கும் நிலம் தேவைப்பட்ட காலம் அது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

பின்னர், தலைமை நீதிபதி வீ சொங் ஜின் தலைமையிலான ஆணையம், சிறுபான்மையினரின் உரிமைகளைச் சாசனத்தில் எவ்வாறு காப்பது என்று ஆராய்ந்து 1966இல் அறிக்கை அளித்தது. அதன் விளைவாக 1970இல் உருவான மன்றமே, 1973 முதல் சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றம் என்று அழைக்கப்படுகிறது. நாடாளுமன்றம் நிறைவேற்றும் பெரும்பாலான மசோதாக்கள், ஏதேனும் ஓர் இனத்தாருக்கோ சமயத்தாருக்கோ பாதகமாக அமைகின்றனவா என்று இம்மன்றத்தால் பார்க்கப்படுகின்றன. மன்றம் ஆட்சேபித்தாலும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் ஆதரவோடு நாடாளுமன்றம் அதைத் தாண்டிச் செல்ல முடியும். வாக்களிக்கும் உரிமையையும் சாசனத்தில் எழுதி உறுதிசெய்ய வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது, அது ஏற்கப்படவில்லை. 2020ஆம் ஆண்டில்தான், வாக்குரிமை சாசனத்திற்குள் அடங்கிய உரிமையே, வெறும் சலுகை அன்று என மேல்முறையீட்டு நீதிமன்றம் எடுத்துரைத்தது.

சாசனத்தின் 4ஆம் பிரிவு மிகச் சிறியது. ஆனால் மற்றவை அனைத்தும் அதன்மேல்தான் நிற்கின்றன. சாசனமே நாட்டின் உச்சச் சட்டம். அதற்கு முரணாக இயற்றப்படும் எச்சட்டமும் முரண்படும் அளவிற்குச் செல்லாது என்று அது சொல்கிறது. சாசனத்தையே திருத்துவதாயின் 5ஆம் பிரிவின்படி உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். 1965 முதல் 1979 வரை சாதாரணப் பெரும்பான்மையே போதுமானதாக இருந்தது என்பது பலர் அறியாத செய்தி.

அரசாங்கத்தின் மூன்று உறுப்புகளைப் பற்றி அதிகம் விரிக்கத் தேவையில்லை. சட்டம் இயற்றுவது நாடாளுமன்றமும் அதிபரும் சேர்ந்த சட்டமியற்றும் அமைப்பு. நிர்வாகம் செய்வது அமைச்சரவை. அது கூட்டாக நாடாளுமன்றத்திற்குப் பொறுப்பானது. உறுப்பினர்களில் பெரும்பான்மையோரின் நம்பிக்கையைப் பெற்றவர் எனத் தமக்குத் தோன்றும் உறுப்பினரை அதிபர் பிரதமராக நியமிக்கிறார். 2024 மே மாதம் பிரதமரான திரு லாரன்ஸ் வோங் நம் மார்சிலிங் - இயூ டீ தொகுதியின் உறுப்பினர்தான். 1991ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு அதிபரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கடந்தகால நிதியிருப்புக்கும் முக்கிய அரசாங்கப் பதவிகளுக்கும் அவரே இரண்டாவது சாவி. நீதி வழங்கும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கு உரியது.

உரிமைகள் 9 முதல் 16 வரையிலான பிரிவுகளில் உள்ளன. சட்டப்படி அன்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கலாகாது. கைதுசெய்யப்பட்டவரிடம் காரணத்தைக் கூற வேண்டும், 48 மணி நேரத்திற்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். சட்டத்தின் முன் அனைவரும் சமம். குடிமகனை நாடு கடத்த இயலாது. கடைசியாகச் சொன்னதன் அருமை, காலையில் காஸ்வே வழியே ஜோகூர் சென்று மாலையில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் கடப்பிதழை நீட்டும் நமக்குத் தோன்றுவதில்லை. உள்ளே வருவது அவருக்கு உரிமை, அனுமதி அன்று.

நமது ஆலயங்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது 15ஆம் பிரிவு. ஒருவர் தம் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும், ஒவ்வொரு சமயக் குழுவும் தன் சமயக் காரியங்களைத் தானே நடத்தவும், அறநிலையங்களை நிறுவிச் சொத்து வைத்திருக்கவும் அது உரிமை தருகிறது. இந்திய சாசனத்தின் 26ஆம் பிரிவை அறிந்தவர்களுக்கு இந்த வாசகம் பழகிய குரலாகவே ஒலிக்கும். ஆனால் பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் ஆகியவை தொடர்பான பொதுச் சட்டத்திற்கு மாறான செயலை இப்பிரிவு அனுமதிப்பதில்லை என்ற வரியும் அதிலேயே உள்ளது. உரிமையைப் படிப்பவர் அந்த "ஆனால்" என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இதற்கு நம் கண்ணெதிரே உதாரணம் உண்டு. 1964 ஜூலையில் ஓர் ஊர்வலத்தின்போது மூண்ட இனக்கலவரத்திற்குப் பின் சாலைகளில் சமய ஊர்வலங்கள் கட்டுப்படுத்தப்பட்டன. தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. நமக்கு அருகில் ஈசூனில் பங்குனி உத்திரக் காவடி சாலையில் செல்வது அந்த விலக்கினால்தான். எனினும் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகள் வாசிக்க 1973 முதல் தடை இருந்தது. 2015இல் பக்தர்கள் மூவர் சாசனத்தைச் சுட்டி உயர் நீதிமன்றம் சென்றனர். அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு அமையவில்லை. அதற்கடுத்த ஆண்டே, ஊர்வலப் பாதையில் குறிப்பிட்ட மூன்று இடங்களில் நேரடி இசைக்கு இடம் கிடைத்தது. வழக்குமன்றத்தில் கிட்டாதது பேச்சுவார்த்தையில் ஓரளவு கிட்டியது எனலாம்.

இனி நம் தொகுதிக்குத் திரும்புவோம். 49ஆம் பிரிவு, கலைப்பு அல்லாத வேறு காரணத்தால் ஓர் உறுப்பினரின் இடம் காலியானால் அது தேர்தலின் மூலம் நிரப்பப்படும் என்கிறது. இப்பிரிவின் வலிமையை முதலில் சோதித்தவர், துப்புரவுப் பணி செய்து பிழைத்த ஹவ்காங்வாசியான ஒரு தமிழ்ப் பெண்மணி. 2012 பிப்ரவரியில் ஹவ்காங் தனித்தொகுதி காலியானபோது, இடைத்தேர்தலை நடத்தியாக வேண்டும் என்று அவர் நீதிமன்றத்தை நாடினார். வழக்கு நடக்கும்போதே மே 26இல் இடைத்தேர்தல் நடந்துவிட்டதால் அவருடைய மேல்முறையீடு தள்ளுபடியானது. ஆயினும் 2013 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம், காலியிடத்தை நியாயமான காலத்திற்குள் நிரப்புவது பிரதமரின் கடமை, நாளைக் குறிப்பதில்தான் அவருக்கு விருப்புரிமை என்று தெளிவுபடுத்தியது. வழக்கில் தோற்றவர் சட்டத்தில் வென்றார்.

அதே பிரிவைக் கையில் பிடித்துக்கொண்டு 2017இல் வழக்குத் தொடுத்தவர், மார்சிலிங் - இயூ டீ குடியிருப்பாளரும் சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சியின் சார்பில் அங்கு போட்டியிட்டவருமான டாக்டர் வோங் சூக் யீ. குழுத்தொகுதியில் உறுப்பினர்கள் அனைவரும் விலகினால்தான் இடைத்தேர்தல் என்கிறது நாடாளுமன்றத் தேர்தல் சட்டம். அது சாசனத்தின் 49ஆம் பிரிவுக்கு முரண் அல்லவா, அவ்வாறெனில் 4ஆம் பிரிவின்படி செல்லாததாகாதா, அல்லது மற்ற மூவரும் விலகி முழுத்தொகுதிக்கும் தேர்தல் நடத்தக்கூடாதா என்பது அவர் வாதம்.

2018இல் உயர் நீதிமன்றமும், 2019 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இவ்வாதத்தை ஏற்கவில்லை. 49ஆம் பிரிவு எழுதப்பட்டபோது தனித்தொகுதிகள் மட்டுமே இருந்தன. 1988இல் குழுத்தொகுதி முறையைக் கொண்டுவந்த நாடாளுமன்றம், ஒருவர் விலகுவதால் இடைத்தேர்தல் நடத்தும் நோக்கம் கொண்டிருக்கவில்லை என்று நீதிபதிகள் கண்டனர். ஒருவர் விலகுவதாக மிரட்டி மற்ற உறுப்பினர்களைப் பணயம் வைக்கக் கூடாது என்பது அன்றைய விவாதத்தில் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

இருந்தும் என் மனத்தில் ஓர் உறுத்தல் உண்டு. குழுத்தொகுதி முறையைச் சாசனத்தின் 39ஏ பிரிவில் சேர்த்ததே, ஒவ்வொரு குழுவிலும் சிறுபான்மை இனத்தவர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். 2015இல் வென்ற நால்வரில் சிறுபான்மையினர் திருவாட்டி ஹலிமா ஒருவரே. அவர் அதிபரானதோ 2016இல் சேர்க்கப்பட்ட 19பி பிரிவின்படி, மலாய்ச் சமூகத்திற்கு ஒதுக்கப்பட்ட தேர்தலில். சிறுபான்மையினரைக் காக்க வந்த ஒரு பிரிவு, அதே நோக்கத்திற்காக வந்த இன்னொரு பிரிவின் இருக்கையைக் காலி செய்துவிட்டது. சாசனத்தை வரைந்தவர்கள் இரு கதவுகளும் ஒரே நேரத்தில் திறக்கும் என்று எண்ணியிருக்கமாட்டார்கள் போலும். குழு போட்டியிடும் நாளில் இருக்க வேண்டிய உறுப்பினர், ஆட்சிக்காலம் முழுவதும் இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு விடையளிக்க வேண்டியது நீதிமன்றமன்று, நாடாளுமன்றமே.

2023ஆம் ஆண்டு திரு தர்மன் சண்முகரத்னம் அதிபர் தேர்தலில் நிற்பதற்காக ஜூரோங் குழுத்தொகுதியிலிருந்து விலகியபோதும் இதுவே நிகழ்ந்தது. அங்கு சிறுபான்மை உறுப்பினர் இன்னொருவர் இருந்தார் என்பது வேறுபாடு. அந்த இடம் 2025 மே மாதப் பொதுத்தேர்தல் வரை காலியாகவே இருந்தது.