அப்பாவின் துப்பாக்கி யாருக்கு?

ஆரணியில் பட்டு நெய்பவர் ஒருவர் காலமானால் அவருடைய தறி பிள்ளைகளுக்கு வந்து சேர்கிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் அவருக்கு இருந்த உறுப்பினர் இடம் அப்படித் தானாக வருவதில்லை. வாரிசு மனுப் போட வேண்டும், சங்கம் சேர்த்துக்கொள்ள வேண்டும். லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி ஒன்று வீட்டில் இருந்தால் அதில் இந்த இரண்டு நிலைமையும் ஒன்றாகக் கிடக்கின்றன. பொருள் என்ற வகையில் அது தறியைப் போலக் குடும்பச் சொத்து. அதைக் கையில் வைத்திருக்கும் உரிமையோ உறுப்பினர் இடத்தைப் போல அந்த ஆளோடு முடிந்துபோவது. உயிலில் “மூத்த மகனுக்கு” என்று எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கும் குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான்.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் இந்தப் பிரிவினை தெளிவாகவே இருக்கிறது. லைசென்ஸ்காரர் இறந்ததும், வீட்டில் இருக்கும் துப்பாக்கியைத் தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21-வது பிரிவு. அதே பிரிவு, வாரிசு தகுதி பெற்றால் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் விற்றுப் பணத்தைப் பெறலாம் என்றும் சொல்கிறது. சொத்தைப் பறிப்பதுதான் நோக்கம் என்றால் இந்த வாசகத்துக்கு வேலையே இல்லை. குறித்த காலத்துக்குள் யாரும் எதுவும் செய்யாமல் விட்டால்தான் அது அரசுக்குப் போகிறது. ஒப்படைக்காமல் பரணில் போட்டு வைத்தால் கதை வேறு: லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு, 2019 திருத்தத்துக்குப் பின், இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

என் வாதம், இதைச் சாவு வரை தள்ளிப்போடவே வேண்டாம் என்பது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் 25-வது விதி, உரிமையாளர் 70 வயதை எட்டினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, இவற்றில் எது முந்தியோ அப்போதே, தாம் குறிப்பிடும் வாரிசின் பெயரில் லைசென்ஸ் கேட்க வழி செய்கிறது. ஆரணிக்காரர் அந்த மனுவைத் திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். பெறுபவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். காவல்துறை அறிக்கை பாதகமாக இருக்கக் கூடாது. பெரியவர் உயிரோடு இருக்கும்போதே முடித்தால், தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரிடமும் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கும் அலைச்சல் மிச்சமாகும். பங்காளிச் சண்டை நடக்கும் வீட்டில் அந்தக் கையெழுத்து லேசில் கிடைக்காது.

“அப்பா பொருளுக்கு மகன் ஏன் சர்க்காரிடம் கைகட்டி நிற்க வேண்டும்?” என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. குடகில் கொடவர்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்ற விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறதே என்றும் கேட்கலாம். அது ஒரு சமூகத்தின் பழைய வழக்கத்துக்குக் கொடுத்த தனிச்சலுகை. மற்ற இடங்களில் தகப்பனின் நிதானம் மகனுக்கும் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அரசு பார்க்க விரும்புவது அந்த மகனை. காட்டுப்பன்றி நிலக்கடலையை அழிக்கிறதே என்று விவசாயி கேட்டால், பயிர்க் காவலுக்கான நாட்டுத் துப்பாக்கிக்குச் சட்டம் தனியாகவே இடம் வைத்திருக்கிறது. ஆனால் பன்றியைச் சுடும் அனுமதி அந்த லைசென்ஸில் அடங்காது. அது வனத்துறை விவகாரம்.

ஒருவர் வைத்திருக்கும் துப்பாக்கிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. 2019-இல் மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைக்கத்தான் மசோதா வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு இரண்டில் நின்றது. பரம்பரையாக வந்ததையும் சேர்த்தே இந்த இரண்டு. பிள்ளைகள் யாருக்கும் வேண்டாம் என்றால், லைசென்ஸ் உள்ள வெளியாளுக்கும் பெரியவர் விற்கலாம். வாங்குபவரின் பெயர், முகவரியோடு ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து, 45 நாட்கள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும்.