"அடுத்து என்ன?" – அன்றாட வேலைகளைத் திட்டமிடத் திணறும் குழந்தைக்கு உதவும் வழிகள்

காலை ஏழரை மணி. பள்ளி வேன் தெருமுனைக்கு வர இன்னும் பதினைந்து நிமிடங்களே உள்ளன. ஆறு வயதுச் சிறுவன் ஒரு காலில் மட்டும் சாக்ஸ் அணிந்து, மற்றொன்றைக் கையில் பிடித்தபடி கட்டிலின் ஓரத்தில் அமர்ந்திருக்கிறான். சட்டைப் பொத்தான்கள் மாறிப் போடப்பட்டிருக்கின்றன. தண்ணீர் பாட்டிலைக் காணவில்லை. "எத்தனை முறை சொல்வது?" என்று தாய் குரலை உயர்த்துகிறார். பின்னர் பொறுக்கமாட்டாமல் தாமே ஷூவை மாட்டி, பையைத் தோளில் ஏற்றி, வேன் வரை இழுத்துச் செல்கிறார். அன்று மாலை வரை இருவர் மனமும் கனத்தே கிடக்கிறது.

திருவேற்காட்டிலிருந்தும், அயனம்பாக்கம், பூந்தமல்லி, ஆவடி முதலிய சுற்றுப்புறங்களிலிருந்தும் குழந்தைகளை அழைத்துவரும் பெற்றோருக்கு இக்காட்சி புதிதன்று. "கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்கிறான், ஆனால் ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கத் தெரியவில்லை. இது சோம்பலா, பிடிவாதமா?" என்பதே அவர்களது கேள்வி. பெரும்பாலும் இரண்டும் இல்லை என்பதே எங்கள் விடை.

ஒரு வேலைக்குள் பல வேலைகள்

"பள்ளிக்குக் கிளம்பு" என்பது நமக்கு ஒரே வேலை. குழந்தைக்கோ அது இருபது வேலைகளின் தொகுப்பு. ஒவ்வொன்றுக்கும் முடிவில் என்ன வேண்டும் என்பதை மனத்தில் காண வேண்டும். எதை முதலில் செய்வது, எதைப் பின்னர் செய்வது என வரிசைப்படுத்த வேண்டும். செய்து முடித்ததை நினைவில் வைத்திருக்க வேண்டும். இடையே பறக்கும் காக்கையைப் பார்த்தாலும் விட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும். தவறினால் திருத்திக்கொள்ள வேண்டும். வாசலில் கோலமிடும் பாட்டி, புள்ளி வைக்கும்போதே முழுக் கோலத்தையும் மனத்தில் கண்டுவிடுகிறார். நாள்தோறும் போட்டுப் பழகியதால் அமைந்த திறன் அது.

இத்திறன்களில் மூளையின் முன்பகுதிக்குப் பெரும்பங்கு உண்டு. மூன்று முதல் ஐந்து வயதுக்குள் வேகமாக வளரத் தொடங்கும் இவை, இருபது வயதைக் கடந்த பின்னும் முதிர்ந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே சிறு குழந்தை ஓரளவு திணறுவது இயல்பே. ஒத்த வயதுடைய பிற குழந்தைகள் செய்வதை, பலமுறை காட்டியும் செய்ய இயலாமல் நாள்தோறும் தவித்தால்தான் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

அதற்குக் காரணங்கள் பல. சில குழந்தைகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்தும், கைகால்களை அதற்கேற்ப இயக்குவது கடினமாக இருக்கும். உடல் இயக்க ஒருங்கிணைப்பு வளர்ச்சிக் குறைபாடு என்னும் இந்நிலை, ஐந்து முதல் பதினொரு வயது வரையிலான குழந்தைகளில் 100 பேருக்கு ஐந்து அல்லது ஆறு பேரிடம் காணப்படுகிறது. கவனக்குறைவு மிகை இயக்கம், ஆட்டிசம், கற்றல் குறைபாடு ஆகியவற்றிலும் இத்தகைய திணறல் உண்டு. எந்தக் குறைபாடும் இல்லாமல், திட்டமிடும் திறன் மட்டும் சற்று மெதுவாக வளரும் குழந்தைகளும் உள்ளனர்.

இருவகைத் தவறுகள்

பெற்றோர் இரண்டு வழிகளுள் ஒன்றில் சென்றுவிடுகின்றனர். ஒன்று, கடிந்துகொள்வது. அச்சமும் பதற்றமும் கூடும்போது, ஏற்கெனவே நினைவில் நிற்காத வரிசை மேலும் குழம்பிப்போகிறது. மற்றொன்று, எல்லாவற்றையும் தாமே செய்துவிடுவது. அன்றைய காலை தப்பித்துவிடும். ஆனால் குழந்தைக்குப் பழகும் வாய்ப்பே கிடைப்பதில்லை.

இரண்டிலும் குழந்தை கற்றுக்கொள்வது ஒன்றைத்தான்: "எனக்கு இதெல்லாம் வராது." ஷூ மாட்டுவது சில மாதம் தாமதமானால் பெரிய இழப்பில்லை. இந்த எண்ணம் ஏழு வயதிலேயே வேரூன்றிவிட்டால், பின்னர் எழுத்தும் கணக்கும் நட்பும்கூட அதன் பிடியில் சிக்கக்கூடும். நாங்கள் அஞ்சுவது இதற்கே.

வேறொரு வழி உண்டு. குழந்தையின் மனத்தில் இன்னும் உருவாகாத திட்டத்தை, சிறிது காலத்துக்கு நாம் வெளியே அமைத்துக் கொடுக்கலாம். அது உள்ளே உருவாக உருவாக, நம் உதவியைப் படிப்படியாக விலக்கிக்கொள்ளலாம்.

வீட்டில் செய்யத்தக்கவை

ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். முழுக் காலைப்பொழுதையும் ஒரே நேரத்தில் திருத்த முயல வேண்டாம். ஷூ அணிதல் போன்ற ஒன்றை எடுத்துக்கொண்டு, அவசரமில்லாத ஞாயிற்றுக்கிழமையில் பழக்கத் தொடங்குங்கள்.

படிகளைப் பிரியுங்கள். அவ்வேலையை நீங்களே மெதுவாகச் செய்து, ஒவ்வொரு படியையும் எழுதுங்கள். ஐந்து அல்லது ஆறு படிகளுக்கு மேல் போனால், அதை இரண்டு வேலைகளாகப் பிரித்துவிடுங்கள்.

படங்களாக்குங்கள். ஒவ்வொரு படியையும் உங்கள் குழந்தை செய்யும்போதே கைப்பேசியில் படமெடுத்து, வரிசையாக அச்சிட்டு, அவ்வேலை நடக்கும் இடத்தில் ஒட்டுங்கள். ஷூ படங்கள் ஷூ வைக்கும் இடத்திலும், பல் துலக்கும் படங்கள் குழாயடியிலும் இருக்கட்டும்.

கடைசிப் படியிலிருந்து பழக்குங்கள். முதல் நான்கு படிகளை நீங்கள் செய்து, ஷூவின் ஒட்டுப்பட்டையை இழுத்து ஒட்டுவதை மட்டும் குழந்தையிடம் விடுங்கள். "நான் முடித்தேன்" என்னும் நிறைவு முதல் நாளே அவனுக்குக் கிடைக்கும். அது கைவந்த பின், அதற்கு முந்தைய படியையும் சேர்த்து விடுங்கள்.

ஏவாமல் கேளுங்கள். "சாக்ஸைப் போடு, ஷூவை எடு" என்று அடுக்குவதற்குப் பதிலாக, "அடுத்து என்ன?" என்று கேட்டுவிட்டு, மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். விடை வராவிட்டால் படத்தைச் சுட்டிக்காட்டுங்கள். குழந்தை தனக்குத்தானே பேசிக்கொண்டு வேலை செய்தால் தடுக்க வேண்டாம். தன்னை வழிநடத்திக்கொள்ளக் கற்கும் முறை அது.

இடத்தை எளிதாக்குங்கள். சீருடை, பை, தண்ணீர் பாட்டில் ஆகியவற்றை இரவிலேயே ஓரிடத்தில் எடுத்து வைக்கச் செய்யுங்கள். கயிறு கட்டும் ஷூவுக்குப் பதிலாக ஒட்டுப்பட்டை ஷூ வாங்குவது தோல்வியன்று.

ஐந்து வயதைக் கடந்து, பேசிப் புரிந்துகொள்ளும் குழந்தைகளுக்குக் கனடாவில் உருவான ஒரு பயிற்சி முறையின் நான்கு படிகள் உதவும்: எதைச் செய்யப்போகிறேன், எப்படிச் செய்வேன், செய்து பார்க்கிறேன், சரியாக வந்ததா? திட்டத்தைக் குழந்தையே சொல்ல வேண்டும் என்பதே இம்முறையின் உயிர். அவன் சொல்லும் திட்டம் தவறாக இருந்தாலும் ஆபத்தில்லையெனில் செய்து பார்க்க விடுங்கள். தவற்றை அவனே கண்டுபிடிப்பான்.

வெளியே செல்லும்போதும் பழக்கலாம். கருமாரியம்மன் கோயிலுக்குப் புறப்படும் முன், விரல் விட்டு எண்ணிச் சொல்லச் செய்யுங்கள்: செருப்பை விட வேண்டும், பூ வாங்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், சாமி கும்பிட வேண்டும், மறுபடி செருப்பை எடுக்க வேண்டும். அங்கு சென்றபின் அவனே வழிகாட்டட்டும். பல்லாங்குழியும் ஆடுபுலி ஆட்டமும் அடுத்த நகர்வை முன்கூட்டியே எண்ணப் பழக்குபவை. பாண்டி உடலியக்கத்தை வரிசைப்படுத்தப் பழக்கும்.

தாத்தா, பாட்டி உட்பட வீட்டிலுள்ள அனைவரும் ஒரே சொற்களையும் ஒரே வரிசையையும் பின்பற்றுவது நன்று. ஆசிரியரிடமும் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒரே அறிவுறுத்தலைத் தருதல், வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதுதல் ஆகிய இரண்டுமே பெரும் உதவியாகும்.

எப்போது மருத்துவரை நாட வேண்டும்?

முன்பு செய்துவந்ததைக் குழந்தை செய்ய இயலாமல் போனால், உடலின் ஒரு பக்கம் மட்டும் வலுவிழந்தால், அடிக்கடி சில நொடிகள் வெறித்துப் பார்த்து நினைவு தவறினால், காத்திராமல் உடனே அழைத்து வாருங்கள். பேச்சு, கேள்வி, பார்வை ஆகியவற்றில் ஐயம் இருந்தாலும், சில மாதம் பொறுமையாகப் பழக்கியும் முன்னேற்றமே இல்லை என்றாலும் குழந்தைநல மருத்துவரின் ஆய்வு தேவை. தேவைப்பட்டால் அவர் ஆக்குபேஷனல் தெரபி நிபுணரிடம் பரிந்துரைப்பார். வரும்போது, எந்த வேலையில் எந்தப் படியில் குழந்தை நின்றுவிடுகிறது என்பதை எழுதி வாருங்கள். ஒரு நிமிடக் கைப்பேசிக் காணொளியும் பயன்தரும்.

செலவை எண்ணித் தயங்க வேண்டாம். 2013-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் சிறார் நலத்திட்டத்தின்கீழ், நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் வளர்ச்சித் தாமதம் உள்ளிட்டவற்றைப் பரிசோதிக்கின்றன. மேல் உதவி தேவைப்படுவோரை மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்புகின்றன. எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையையும் அணுகலாம்.

முன்னேற்றம் நேர்க்கோட்டில் வராது. காய்ச்சலுக்குப் பின்னும் நீண்ட விடுமுறைக்குப் பின்னும் சில படிகள் மறந்துபோகும். படங்களை மீண்டும் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டுப்பட்டையைத் தானே ஒட்டிவிட்டு நிமிர்ந்து பார்க்கும் குழந்தையிடம், "நன்றாகச் செய்தாய்" என்பதோடு நில்லாமல், "எப்படிச் செய்தாய், சொல்" என்றும் கேளுங்கள். அவன் சொல்லும் விடையில், திட்டம் அவன் மனத்தில் உருவாகிவருவதை நீங்களே கேட்கலாம்.