இரவில் வயலுக்குப் போகிறவர் கையில் என்ன இருக்க வேண்டும்? துப்பாக்கி உரிமமும் தற்காப்பும்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையை ஒட்டிய சேரப்பணஞ்சேரியில், நவரை நெல்லுக்கு நீர் பாய்ச்சுவது பற்றிப் பேசப் போயிருந்தேன். கூட்டம் முடியும் நேரத்தில் இளம் விவசாயி ஒருவர் எழுந்தார். "சார், ராத்திரி பதினொரு மணிக்கு மோட்டார் போட தனியா போறேன். போன மாசம் அந்த வழியில ஒருத்தர்கிட்ட போனையும் பணத்தையும் பிடுங்கிட்டாங்க. சின்னதா ஒரு பிஸ்டலுக்கு லைசென்ஸ் வாங்கி இடுப்புல வெச்சுக்க முடியுமா?" என்று கேட்டார்.

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பு, இரவில் வரப்பில் யார் நடந்தாலும் அடையாளம் தெரியும். கூப்பிட்டால் பக்கத்துக் கழனியில் இருந்து குரல் வரும். இன்று பக்கத்து நிலம் மனையாகிக் கல் நட்டுக் கிடக்கிறது. ஷிப்ட் முடிந்து போகும் வண்டிகள் எந்த நேரத்திலும் வருகின்றன. நடுவில் ஒருவர் மட்டும் பயிர் வைத்திருக்கிறார். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவருக்குச் சொன்ன பதிலை எல்லா விவசாயிகளுக்கும் பயன்படும்படி இங்கே விரிவாக எழுதுகிறேன்.

துப்பாக்கி பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பதை 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. 21 வயது நிறைந்தவர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். பெருநகரக் காவல் ஆணையரக எல்லைக்குள் இருந்தால் காவல் ஆணையரிடமும், மற்ற இடங்களில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். நம் பகுதியில் சில ஊர்கள் தாம்பரம் ஆணையரகத்திலும் சில ஊர்கள் காஞ்சிபுரம் மாவட்டக் காவலிலும் வருவதால், உங்கள் காவல் நிலையத்தில் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சட்டத்தின் 13-வது பிரிவு விவசாயிக்கு முக்கியமானது. தற்காப்புக்கு என்றால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உள்பக்கம் வரியில்லாத துப்பாக்கியை அது குறிப்பிடுகிறது. நாம் 12 போர் என்று சொல்லும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இந்த வகை. பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால், வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைக் குறிப்பிடுகிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால் 12 போர் போன்றதற்கும் உரிமம் தரலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 20 அங்குலக் குழல் என்றால் குழல் மட்டுமே ஒன்றரை அடிக்கு மேல். அதை இடுப்பில் மறைத்துக்கொண்டு போக முடியாது. சாதாரணக் குடிமகனின் தற்காப்புக்குச் சட்டம் முதலில் நினைப்பது வீட்டில் வைக்கும் நீளத் துப்பாக்கியைத்தான். கைத்துப்பாக்கி கேட்பவர் தமக்கு அது ஏன் தேவை என்பதைத் தனியாகக் காட்ட வேண்டும். உயிருக்கு மிரட்டல் வந்து புகார் கொடுத்திருந்தால் அதன் நகல், வழக்கு விவரம் போன்றவை அதற்கு வலு சேர்க்கும். "இரவில் தனியாகப் போகிறேன்" என்பது மட்டும் பெரும்பாலும் போதாது.

விண்ணப்பத்தோடு உடல், மன நலச் சான்று வேண்டும். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்ற சான்றும் வேண்டும். வீட்டில் பூட்டி வைக்க இடம் இருக்கிறது என்ற உறுதிமொழியும் தர வேண்டும். காவல்துறை விசாரித்து அறிக்கை தரும். சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமம் மறுக்கக் கூடாது என்று 14-வது பிரிவு சொல்கிறது. அதனால் குத்தகை விவசாயியும் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். மறுத்தால் 18-வது பிரிவின்படி மேல்முறையீடு உண்டு. 2019-ம் ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகளே வைத்திருக்கலாம். உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும்.

உரிமம் கிடைத்தால் எதை வாங்குவது?

உண்மையிலேயே மிரட்டல் இருந்து, உரிமமும் கிடைத்தவர்கள் வாங்கும் முன் இவற்றை யோசிக்க வேண்டும்.

1. வீடு அல்லது தோட்ட வீட்டுக் காவலுக்கு 12 போர் துப்பாக்கி போதும். இயக்குவது எளிது. தோட்டா இருக்கிறதா என்பதைக் குழலைத் திறந்ததும் கண்ணால் பார்த்துவிடலாம்.

2. கைத்துப்பாக்கியில் பொதுமக்களுக்கு உரிமத்தில் வழக்கமாகக் கிடைப்பது .32 ரகம். 9 மி.மீ. பிஸ்டல் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014-ல் பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற 500 கிராம் எடையுள்ள .32 ரிவால்வரைக் கொண்டுவந்தது. அன்றைய விலையே 1.22 லட்சம் ரூபாய். ஒரு ஏக்கர் நெல்லில் அவ்வளவு லாபம் பார்க்க எத்தனை போகம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

3. பொது இடத்தில் கொண்டுபோகும்போது உறையில் மூடி, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். காட்டி மிரட்டுவதும் திருவிழா, கல்யாணத்தில் சுடுவதும் குற்றம். கொண்டாட்டத்தில் அலட்சியமாகச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

4. உரிமம் உங்கள் பெயரில் இருந்தால், அந்தத் துப்பாக்கியை மகனோ காவல்காரரோ எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் தனித்தனியாகப் பூட்டில் இருக்கட்டும். தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. வழிப்பறிக்காரர் பெரும்பாலும் பின்னால் இருந்து பைக்கில் வருவார். உங்கள் ஒரு கையில் மண்வெட்டி, மறு கையில் டார்ச். இருட்டில், சேற்றில் நின்றுகொண்டு உறையைத் திறந்து, எதிரில் இருப்பது யார் என்று தெரிந்து சுடுவது பழகாதவருக்கு ஆகாத காரியம். பறிகொடுக்கும் பொருளில் துப்பாக்கியும் சேர்ந்துவிட்டால், அடுத்தவருக்கு அது ஆபத்து.

பரணில் கிடக்கும் பழைய துப்பாக்கி

சில வீடுகளில் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி பரணில் கிடக்கும். "ஓடாத துப்பாக்கிதானே" என்று விட்டுவைக்காதீர்கள். உரிமதாரர் இறந்ததும், தாமதம் செய்யாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு தன் பெயரில் உரிமம் பெற்ற பிறகே திரும்ப எடுக்கலாம். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்தின்படி குறைந்தது 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறை. கள்ளத்தனமாக விற்கும் நாட்டுத் துப்பாக்கியை வாங்குவதற்கும் இதே கதிதான். குழல் வெடித்துக் கை போகும் ஆபத்து தனி.

உரிமம் பெற்ற துப்பாக்கியாலும் காட்டுப்பன்றியை நீங்களாகச் சுட முடியாது. அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கிறது. 2025-ல் தமிழக அரசு அறிவித்த நடைமுறையிலும், காப்புக்காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையின் பயிற்சி பெற்றவர்களே சுட அனுமதி. விலங்கு மேலே பாய்ந்து, உயிரைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் அதைக் கொன்றால் குற்றமில்லை என்று 1972-ம் ஆண்டுச் சட்டத்தின் 11-வது பிரிவு சொல்கிறது. உடனே வனத்துறைக்குச் சொல்லிவிட வேண்டும்.

பம்புசெட் மின்சாரத்தை வேலிக் கம்பியில் இழுத்துவிடுவது பற்றி ஒரே வார்த்தை: கூடாது. அதில் செத்தவர்களில் வேலி போட்டவரும் அவர் பிள்ளைகளும் உண்டு. சூரிய மின்வேலி வேண்டுமானால் வேளாண் பொறியியல் துறையில் விவரம் கேட்டு, வனப்பகுதி அருகே என்றால் பதிவு செய்து அமையுங்கள்.

தற்காப்பு உரிமை எதுவரை?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. தன் உடலையும் பொருளையும், பிறர் உடலையும் பொருளையும் காக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. காவல்துறையின் உதவியைப் பெற நேரம் இருந்தால் அதைத்தான் நாட வேண்டும்.

ஒரு உதாரணம். மோட்டார் கொட்டகையில் ஒருவர் கேபிளை வெட்டுகிறார். நீங்கள் டார்ச் அடித்துச் சத்தம் போடலாம், தடுக்கலாம். அவர் அரிவாளை ஓங்கினால் உயிரைக் காக்கத் திருப்பி அடிக்கலாம். அவர் கேபிளைப் போட்டுவிட்டு ஓடினால் உங்கள் தற்காப்பு உரிமை அங்கே முடிகிறது. பிடித்துக் கட்டிவைத்து அடித்தால், நாளைக்கு வழக்கில் நிற்பது நீங்கள். வெறும் திருட்டுக்காக உயிரை எடுக்கச் சட்டத்தில் இடமில்லை.

கையில் இருக்க வேண்டியவை

அன்று கூட்டத்தில் இருந்தவர்களிடம் நானும் ஒரு கேள்வி கேட்டேன்: "இரவில் வயலுக்குப் போய் அடிபட்டவர்கள் எதனால் அடிபட்டார்கள்?" பாம்பு, கரண்டு, பைக்கில் வழுக்கி விழுந்தது என்று வரிசையாகச் சொன்னார்கள். வழிப்பறி அதற்குப் பிறகுதான் வந்தது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வு மதிப்பிட்டுள்ளது. எனவே தற்காப்புச் சாமான் என்பது மனிதரோடு இவற்றுக்கும் சேர்த்து உதவ வேண்டும்.

• நெற்றியில் மாட்டும் டார்ச்: இரண்டு கையும் சும்மா இருக்கும். பாம்பும் தெரியும், ஆளும் தெரியும். கூடுதலாகத் தூரம் அடிக்கும் கை டார்ச் ஒன்று.

• தோள் உயரத் தடி: ஆயுதச் சட்டமே தடியையும் விவசாயத்துக்கு மட்டுமே உரிய கருவிகளையும் ஆயுதம் என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. தரையைத் தட்டி நடக்கவும், நாயைத் தள்ளி நிறுத்தவும், ஆளை எட்டி வைக்கவும் உதவும்.

• முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்: பாம்புக்கடி பெரும்பாலும் காலில்தான் விழுகிறது.

• மிளகு ஸ்பிரே: இதற்கு உரிமம் வேண்டாம். காற்று எதிரில் வீசினால் உங்கள் கண்ணிலேயே படும். காலாவதி தேதி பார்த்து வாங்குங்கள். பைக்குள் புதைக்காமல் கைக்கு எட்டும் சட்டைப்பையில் வையுங்கள்.

• விசிலும் சார்ஜ் உள்ள போனும்: தமிழகக் காவல்துறையின் 'காவல் உதவி' செயலியில் அவசரப் பொத்தான் இருக்கிறது. வீட்டில் இருந்தே ஒருமுறை திறந்து பழகிக்கொள்ளுங்கள்.

பறிக்க வந்தவர் போனையோ பணத்தையோ கேட்டால் கொடுத்துவிட்டு விலகுங்கள். வண்டி எண்ணையும் போன பக்கத்தையும் நினைவில் வைத்து உடனே 100 அல்லது 112-க்குச் சொல்லுங்கள்.

போகாமல் இருப்பதே பெரிய தற்காப்பு

போனிலிருந்தே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் கருவி வந்துவிட்டது. வேளாண் பொறியியல் துறை இதற்கு மானியம் தருகிறது. தகுதியும் தொகையும் உங்கள் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். இதை மாட்டினால் இரவு நடையில் பாதி குறையும். வாய்க்கால் திருப்பப் போயே ஆக வேண்டிய நாட்களில், பக்கத்தில் பயிர் வைத்திருக்கும் இரண்டு மூன்று பேர் ஒரே இரவில் முறை வைத்துச் சேர்ந்து போங்கள். போகும் நேரம், திரும்பும் நேரம் வீட்டில் சொல்லிவிடுங்கள். கொட்டகையில் ஒரு சோலார் விளக்கு எரியட்டும். நிலம் விற்ற பணத்தை வீட்டில் வைக்காதீர்கள், டீக்கடையில் பேசாதீர்கள்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் 108-ல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கம்பி அறுந்து கிடந்தால் தொடாமல் மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்ட தம்பியிடம் கடைசியாக இதைத்தான் சொன்னேன்: "உங்களுக்கு உண்மையான மிரட்டல் இருந்தால் முதலில் புகார் கொடுங்கள், பிறகு உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். அது உங்கள் உரிமை. அதுவரைக்கும் இன்று ராத்திரியே பக்கத்துக் கழனிக்காரரை ஒரு குரல் கூப்பிட்டுக்கொண்டு போங்கள்." கூட்டம் கலையும்போது, அவரும் பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவரும் எந்த நாள் யார் தண்ணீர் பாய்ச்சுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.